உப்பளக் கரையில் எழுத்தும் ஆட்டமும்: பெண் வரலாற்றை வாசிப்புப் பாடமாக்குதல் குறித்து

இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்து உப்பளக் கரையான மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுகட்டுவது அதன் நோக்கம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை வேளையில் அவரவர் குடியிருப்பிலேயே தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இடம், ஆள், நேரம் மூன்றும் கிடைத்துவிட்ட பிறகு, எதை வாசிப்பது, எதை எழுதுவது என்ற கேள்வி எஞ்சுகிறது. பெண்களின் உழைப்பு வரலாற்றையும் பெண்பிள்ளைகளின் விளையாட்டையும் ஒரே பாடமாக இணைத்து, இக்கரைப் பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சியை அதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே வலுவான முன்னுதாரணம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்ற பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியை இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். பெண் தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழிசெய்தார். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பரவியது. போட்டிகளிலும் பொதுக் காட்சிகளிலும் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் தம் 1996ஆம் ஆண்டு நூலான ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்’டில் பதிவு செய்திருக்கிறார். அவர் கவனித்த ஒரு செய்தி என்னை இன்றும் ஈர்க்கிறது. பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளில் ஏறிய பலர், பிறகு அதையே விரும்பினார்கள். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கும் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா! கேலி பேசியவர்களைக் கடந்து சந்தைக்கும் தண்ணீருக்கும் வேலைக்கும் தாமாகப் போய்வந்தார்கள்.

இந்நிகழ்வைப் பெண் விடுதலைக் கதையாகப் பலர் எழுதிவிட்டார்கள். கல்வியியல் நோக்கில் அது சொல்வதற்குப் போதிய கவனம் கிடைக்கவில்லை. புதிதாக எழுத்தறிந்தவர்களுக்கு மறதிதான் பெரிய பகை. புழங்காத எழுத்து சில மாதங்களில் கைவிட்டுப் போகும். சைக்கிள் அந்தப் பெண்களை ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோனது. வெளியே போனவருக்குப் பேருந்துப் பலகையும் சந்தைக் கணக்கும் வங்கிப் படிவமும் எதிர்ப்பட்டன. உடலின் துணிவு எழுத்துக்கு வேலை கொடுத்தது என்றே நான் வாசிக்கிறேன். அவர்கள் வளர்ந்த பெண்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். வயது வேறுதான். ஆனால் தன் வாழ்வில் வேலையில்லாத எழுத்தைக் கைவிடுவதில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் நாற்பது வயதுப் பெண்ணுக்கும் வேறுபாடில்லை. இந்தச் சைக்கிள் நிகழ்வு பற்றிய சாய்நாத்தின் கட்டுரை இந்தியில் என்சிஇஆர்டி எட்டாம் வகுப்புப் பாடமாகவே இடம்பெற்றது.

மரக்காணத்துக்கு வருவோம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கொண்ட கருத்து. அதே நூலில் உப்பு வணிகரான உமணரின் வண்டிகளோடு வந்த மந்தி ஒன்று, உமணப் பெண்கள் பெற்ற பிள்ளைகளோடு சேர்ந்து, முத்துகளைக் கிளிஞ்சலில் இட்டுக் கிலுகிலுப்பை ஆடும் காட்சி வருகிறது. உப்பும் பெண்ணும் பிள்ளை விளையாட்டும் ஒரே இடத்தில் கூடிய பழைய பதிவு இது. மரக்காணத்து ஆறாம் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான வாசிப்புப் பகுதி எனக்குத் தோன்றவில்லை.

அண்மைக்கால வரலாறும் அருகிலேயே இருக்கிறது. 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற ருக்மணி லட்சுமிபதி, 1946இல் சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சரானார். கடலூர் அஞ்சலையம்மாள் 1927இல் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றும் போராட்டத்தில் தம் சிறு மகளோடு சிறை சென்றார். இவர்களைப் பெயரும் ஆண்டுமாக மனப்பாடம் செய்ய வைப்பது வீண். பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உப்பை அள்ளிச் சிறை சென்றவரின் பெயர் நமக்குத் தெரிகிறது, அன்றும் அதற்கு முன்பும் நாள்தோறும் உப்பு வாரிய பெண்ணின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? விடையை வீட்டில்தான் தேட வேண்டும். பாத்தியில் நீர் வற்றிப் படியும் உப்பைப் பலகையால் வாரி வரப்பில் கூட்டுவது, சட்டியில் அள்ளித் தலைச்சுமையாக அம்பாரத்தில் கொட்டுவது, வெள்ளை வெளியின் கண்கூச்சம், உப்புநீரில் வெடித்த குதிகால்: வேலையின் வரிசையை அம்மாவிடம் கேட்டு எழுதும் பிள்ளை, கோவையாக எழுதுவதைத் தானே கற்கிறாள்.

விளையாட்டின் பங்கு இதிலிருந்து சற்று மாறுபட்டது. அங்கே வழக்கு இருக்கிறது. கபடியில் ரெய்டு போனவள் ‘தொட்டுட்டேன்’ என்கிறாள். எதிரணி ‘தொடவே இல்லை’ என்கிறது. இரு தரப்பும் நடந்ததைத் தனித்தனியே எழுதட்டும்; நடுவராக இருக்கும் மாணவி இரண்டையும் உரக்க வாசித்துத் தீர்ப்பை எழுதட்டும். எது முன், எது பின், யார் கண்ட சாட்சி என்பதெல்லாம் இலக்கண வகுப்பை விட இங்கே கூர்மையாக விளங்கும். மேல்வகுப்பில் இதே பயிற்சி செய்தித்தாளுக்குப் போகலாம். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளான சாந்தி சவுந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அந்நாளைய செய்திகள் அவரைப் பற்றி எப்படிப் பேசின, அவரைப் பேச விட்டனவா என்று வரி வரியாக வாசிப்பது தேர்ந்த வாசிப்புப் பயிற்சி. அது நீதிக்கான பயிற்சியும்கூட. கடலூரின் இந்துமதி கதிரேசனும் இருக்கிறார்: தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் கால்பந்துப் பட்டம் வென்ற 2018ஆம் ஆண்டு அணியில் ஆடியவர். மரக்காணத்துப் பெண்பிள்ளைக்குப் பேருந்து தூரத்து அக்கா.

விளையாட்டைப் படிப்புக்குத் தூண்டில் ஆக்கக் கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானது. ‘படித்தால்தான் ஆட்டம்’ என்ற நிபந்தனை வந்த கணமே இம்முறை கெட்டுவிடும். மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கு உரிய நேரம் முதலில் உறுதியாக வேண்டும். எழுத்து அதன் பின்னால் வரட்டும்.

காலமும் கரையின் போக்கில் அமைய வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் உப்பளம் ஓய்ந்திருக்கும். தொழிலாளர் குடும்பங்களுக்கு 2022 முதல் அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருவதும் அதனால்தான். அம்மாவும் பாட்டியும் வீட்டில் இருக்கும் அம்மாதங்களே அவர்கள் கதையைக் கேட்டு எழுத உகந்தவை. பிள்ளை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, அவர் பிழை சொல்லும் இடங்களைத் திருத்தி, செப்பமான படியைப் பள்ளி நூலகத்தில் சேர்க்க வேண்டும். அடுத்த ஆண்டு வகுப்புக்கு முதல் வாசிப்பு நூல் அந்த நோட்டுகளாகவே இருக்கட்டும்.