முதல் தமிழ்ப் புதினமும் இன்ப முடிவும்

தமிழ்ப் புதின வரலாறு எழுதுவோர், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை (1879) முதல் நூல் எனப் போற்றியபின், கட்டுக்கோப்பற்ற நகைச்சுவைக் கதைக்கோவை என ஒதுக்குதலும் உண்டு. இன்பமாக முடிதலும் அதன் குறைகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. இக்கருத்து மறு ஆய்வுக்குரியது.

நூல் வெளிவந்த காலத்தை முதற்கண் நோக்குவோம். 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அப்போதுதான் தணிந்திருந்தது. அக்கொடுமை கண்டு உருகிப் பாடியவர் பிள்ளை. முன்சீபாக இருந்து மாந்தர்தம் வழக்குகளையும் வஞ்சகங்களையும் நாள்தோறும் கேட்டவர். துன்பம் அறியாதவர் எழுதிய சிரிப்பு அன்று இது.

இனி, ஞானாம்பாளைக் காண்போம். கணவனைப் பிரிந்த அவள் ஆணுடை பூண்டு அவனைத் தேடுகின்றாள். விக்கிரமபுரியில் அரசனாகவே ஏற்கப்பெற்றுச் செங்கோல் செலுத்துகின்றாள். பட்டத்து யானை மாலையிட்டு அரசரைத் தேர்தல் பழங்கதை மரபு. அதனை எளிய உத்தி என்பாருடன் நமக்கு வழக்கில்லை. ஆனால், வரம்பு கடந்த பெண்ணை இறுதியில் அழியவிடுதல் அதனினும் எளிய உத்தியன்றோ? பெண்கல்வியை வற்புறுத்திப் 'பெண்மதி மாலை' இயற்றிய ஆசிரியர் அவ்வழியிற் செல்லவில்லை. ஞானாம்பாள் கணவனோடு கூடி, முடி துறந்து, நலமே இல்லம் மீள்கின்றாள். கதை துன்பத்தில் முடிந்திருப்பின், அவள் ஆண்டமைக்கு அது தண்டனையாகவே படிக்கப்பட்டிருக்கும்.