தெதுரு ஓயாவும் முன்னேஸ்வரத் தீர்த்தமும்

தலவில மணலிலே அதிகம் தோண்டாமலே நன்னீர் ஊறும். புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் கத்தோலிக்கரும், அவர்களுடன் கூடும் சைவரும் பௌத்தரும் அந்நீரையே அருந்துவர். நன்னீர் உவர்நீரினும் கனம் குறைந்தது. ஆதலால் மணலுக்குள் அதன்மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை கடல்நீரைத் தடுக்கும். மிஷன் பாடசாலையிலே கற்ற இப்பாடம், முன்னேஸ்வரத் தீர்த்தத்தன்று தெதுரு ஓயாக் கரையில் நின்றபோது என் நினைவுக்கு வந்தது.

1578இல் போர்த்துக்கேயர் இடித்த முன்னேஸ்வர ஆலயத்தை, 1753இல் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் புதுக்கினான். அவ்வாலயத்தின் ஆவணி மகோற்சவம் தெதுரு ஓயாவில் தீர்த்தமாடுதலுடன் நிறைவெய்தும். அவ்வாற்றங்கரையிலுள்ள மானாவரியிலே இராமபிரான் மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டார் என்பது ஐதிகம்.

இதே ஆற்றின் மேற்பகுதியிலே 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு அணை திருத்தினான். ஒரு துளி நீரும் பயன்படாது கடல் சேரலாகாதென்பது அவன் கொள்கையெனச் சூளவம்சம் கூறும். 2014இல் இவ்வாற்றுக்குக் குறுக்கே புதிய நீர்த்தேக்கமும் திறக்கப்பட்டது. உழவனுக்கு நீர் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும், கடல் சேரும் நீர் அனைத்தும் வீண் நீரோ? முகத்துவாரம் வரை பாயும் ஆற்றுநீரன்றோ உவரை உள்ளே வரவொட்டாது தள்ளி நிற்கின்றது! வறண்ட ஆவணியிலும் ஆறு சிலாபம் வரை உயிரோடு வரவேண்டுமெனத் தீர்த்தவிழா கேட்கின்றது. முன்னோர் இக்கணக்கை அறிந்தே விழா வகுத்தனர் எனக் கூற நான் துணியேன். ஆனால் அணையின் கணக்கிலே விடுபடக்கூடிய கடைமடை ஆற்றை, ஆண்டுதோறும் நினைக்கச் செய்தது அவ்விழாவே.

இன்றோ மணல் அளவின்றி அள்ளப்படுவதால் ஆற்றின் அடித்தளம் தாழ்ந்து, கடல்நீர் உட்புகுகின்றது. கரைக் கிணறுகள் உவர்க்கின்றன. மணலிலே இறைவனைக் கண்ட கரையிலிருந்தே மணல் விலையாகிப் போகின்றது.

வாலிப அன்பர்களே! தீர்த்தமாடச் செல்லும் நாம் மணல் லொறிகளைக் கண்டும் காணாதார் போலத் திரும்பலாமோ? பெரியோர்கள் வழிகாட்ட, நாம் இதனை ஊரறியப் பேசுவோமாக. ஆற்றைக் காப்பதும் ஆலயத் திருப்பணியே.