நடுவில் நிற்கும் தாள்

பிரிஞ்சாங் சரிவுகளில் மருந்துப் பம்பின் கைப்பிடியை அடித்து அடித்துத் தோள் வலிக்கிற காலம் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. பேட்டரிப் பம்பு வந்துவிட்டது, சுவிட்சைத் தட்டினால் போதும். லயத்து வீட்டில் போன், டார்ச், பவர்பேங்க் என்று எண்ணத் தொடங்கினால் கைவிரல் பத்தாது. இந்த பேட்டரிகளுக்குள் இருக்கும் லித்தியம், கோபால்ட், நிக்கல் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அவற்றுக்கு நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை மட்டும் யாரும் சட்டை பண்ணுவதில்லை.

செப்பரேட்டர் என்பார்கள். தமிழில் பிரிப்பான். பெயர் பாதிதான் சரி. பேட்டரியின் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் தொட்டுக்கொண்டால் ஷார்ட் ஆகிவிடும், அதனால் பிரிக்க வேண்டும். முழுசாகப் பிரித்துவிட்டால் லித்தியம் அயனிகள் போய்வர வழியில்லை, கரண்டும் இல்லை. நம் தே கடைக்காரர் வைத்திருக்கும் துணிப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். தூளைப் பிடித்துக்கொண்டு சாற்றை விடுகிறதே, அந்த வேலைதான்.

1800இல் வோல்ட்டா முதல் மின்கலத்தை அடுக்கியபோது உலோக வில்லைகளுக்கு நடுவே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்தார். பிறகு ஈய அமில பேட்டரி வந்தது. அமிலத்தில் அட்டை தாங்காது. அமெரிக்காவில் தேவதாரு மரத்தை மெல்லிய பலகையாகச் சீவி வைத்தார்கள். அதுவும் நாளடைவில் அமிலத்தில் அரித்துப்போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் கிளீவ்லாந்து நகரின் வில்லார்டு கம்பெனி ஒரு வழி கண்டது. ரப்பர் தாளில் ஆயிரக்கணக்கான பஞ்சு நூல்களைக் குறுக்கே செருகினார்கள். ரப்பர் தடுக்கும், நூல் வழியாக அமிலம் ஊறிப் போகும். பின்னால் ரப்பரிலேயே நுண்துளைகள் உண்டாக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. கேமரன் மலையில் தேயிலை, கீழே தாப்பா, பீடோர் பக்கம் இறங்கினால் ரப்பர். அமெரிக்க ஆலைகள் அன்று வாங்கிய ரப்பரில் பெரும்பங்கு மலாயா, சிலோன், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் வெட்டிய பால். மலாயாவில் அதை வெட்டிய கைகளில் பாதிக்கு மேல் என்று சொல்லாவிட்டாலும் மிகப் பெரும்பகுதி தமிழ்க் கைகள். ரப்பர் என்றால் டயர் என்றுதான் நம் தோட்டத்து நாவல்களும் கட்டுரைகளும் பேசுகின்றன. இருட்டில் எழுந்து வெட்டிய அந்தப் பால், தாளாகி பேட்டரிக்குள்ளும் உட்கார்ந்தது. அந்த வரலாற்றை யாரும் எழுதவில்லை.

அதே ரப்பரின் காசு இன்னொரு வழியாகவும் பேட்டரிக்குப் போனது. அழகப்பச் செட்டியாரின் தொழில்களில் மலாயா ரப்பர் தோட்டங்களும் உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, பொங்கல் சமயத்தில், ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பின்னாளில் லித்தியம் மின்கலங்களுக்கான பாலிமர் சவ்வுகளை ஆராய்ந்த இந்திய இடங்களில் அது முக்கியமானது. வள்ளல் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள், தகும். பால் வெட்டினவர்களின் பெயர் அந்தக் கல்வெட்டுகளில் இல்லை என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.

ரப்பருக்குப் பிறகு பாலிஎத்திலீன். 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் ஐசிஐ ஆய்வகத்தில், வேறெதையோ தேடிய சோதனையில் அடியில் படிந்த வெள்ளை மெழுகு அது. இன்று நம் கடைப்பை. ஜப்பானின் அசாஹி கசெய் நிறுவனத்தில் அகிரா யோஷினோ 1985இல் லித்தியம் அயனி மின்கலத்தின் மாதிரியைச் செய்தபோது தகடுகளுக்கு நடுவே வைத்தது இந்த பாலிஎத்திலீன் சவ்வைத்தான். 1986இல் அந்த மின்கலத்தின் மேல் இரும்பு எடையைப் போட்டு நசுக்கிப் பார்த்தார்கள், தீப்பிடிக்கவில்லை. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019இல் யோஷினோவுக்கு நோபல் பரிசு.

பாலிஎத்திலீன் 135 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். இது குறை மட்டுமில்லை, ஒரு வசதியும்கூட. மின்கலம் சூடேறி 130ஐ நெருங்கும்போது தாள் இளகித் துளைகள் மூடிக்கொள்ளும், அயனி ஓட்டம் நின்றுபோகும். தானாகவே விழும் மெயின் சுவிட்ச் மாதிரி. சிக்கல் அதற்கு மேல்தான். இந்தத் தாள் இழுத்து மெல்லிதாக்கப்பட்டது. சூடு பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். தோசைக்கல்லில் பிளாஸ்டிக் பை விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள். ஓரம் சுருங்கினால் தகடுகள் முகத்துக்கு முகம் நிற்கும். அதற்குப் பிறகு நடப்பது நெருப்பு. ஆகவே வெப்பம் தாங்கும் பிரிப்பான் என்றால் உருகாத தாள் என்பதைவிட, சுருங்காத தாள் என்று புரிந்துகொள்வது நல்லது.

அதற்கு ஆளுக்கொரு வழி. 165 டிகிரி வரை தாங்கும் பாலிப்ரொப்பிலீனை இரு பக்கமும் வைத்து நடுவில் பாலிஎத்திலீனை வைப்பது ஒன்று. அலுமினா போன்ற பீங்கான் தூளைப் பூசுவது இன்னொன்று. கொரியாவின் எல்ஜி அப்படிச் செய்தது. ஜப்பானின் சுமிடோமோ கெமிக்கல் அராமிட் பூசியது. குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படும் அதே வகை பாலிமர். இவ்வளவும் செய்து, தாளின் தடிமன் கூடக்கூடாது. தொண்ணூறுகளில் 25 மைக்ரான் இருந்தது, இன்று 10க்கும் கீழே வந்துவிட்டது. தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல மடங்கு. தாள் மெலிய மெலிய பேட்டரியில் சரக்கு அதிகம் அடைக்கலாம், ஆபத்தும் கூடும். 2016இல் சாம்சங் தன் நோட் 7 போன்களைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து, தகப்பனும் மகளும் புகையில் மூச்சுமுட்டிச் செத்தார்கள். அந்த ஆண்டு இந்தியாவில் அடுத்தடுத்து ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகுதான் பேட்டரி விதிகளை இறுக்கினார்கள்.

பிரிப்பானின் வரலாற்றை எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள்: வாங்குபவரின் பாதுகாப்பு படிப்படியாகக் கூடிய கதை. செய்பவரின் பக்கமிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

இந்தத் தாளை எப்படிச் செய்கிறார்கள்? ஈரமுறை என்று ஒன்று. பாலிஎத்திலீனை பாரஃபின் எண்ணெயோடு சேர்த்துச் சூட்டில் கலந்து தாளாகப் பிழிந்து குளிர வைப்பார்கள். நீளத்துக்கும் அகலத்துக்கும் இழுப்பார்கள். எண்ணெய் இருக்கும் இடமெல்லாம் பிறகு துளையாக வேண்டும், அதனால் எண்ணெயைக் கழுவி எடுக்க வேண்டும். கழுவுவது பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில். சீக்கிரம் ஆவியாகும், மூச்சில் போனால் தலைசுற்றும், அடைத்த அறையில் ஆளைக் கொல்லும். புற்றுநோய் அபாயமும் உண்டு. 2024இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை இதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது. விட்டுவைத்த சிலவற்றில் ஒன்று மின்வண்டி பேட்டரிக்கான பிரிப்பான் உற்பத்தி. மாற்று இன்னும் தொழிலுக்குக் கைவரவில்லை என்பதுதான் காரணம். பதிலுக்கு, வேலையிடக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரி பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்றார்கள். பழைய அமெரிக்க வரம்பு 25.

இப்போது மலேசியாவுக்கு வருவோம். சிரம்பானில் 1991இல் டிவி படக்குழாய் செய்ய வந்த சாம்சங் எஸ்டிஐ இன்று பேட்டரி செய்கிறது. கூலிமில் சீனாவின் ஈவ் எனர்ஜி. பினாங்கின் பெர்த்தாமில் ஷென்சென் சீனியர் குழுமத்தின் பிரிப்பான் ஆலை, 2023இல் அறிவித்த முதலீடு முந்நூறு கோடி ரிங்கிட்டுக்கு மேல். தேயிலைக் கத்தரியை இன்று பிடிப்பவர்களில் பலர் வங்கதேசத்தார், நேப்பாளியர். நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் இறங்கிப் பல காலம் ஆகிறது. இந்த ஆலைகளின் ஆள்சேர்ப்பு விளம்பரங்களைப் பார்ப்பவர்களில் அவர்களும் இருப்பார்கள்.

அவர்களுடைய பாட்டிமார் பலர் தோட்டங்களில் பாராகுவாட் அடித்தவர்கள். நகம் கழன்று, மூக்கில் ரத்தம் வடிய அடித்தார்கள். மலேசியா 2002இல் அதைத் தடை செய்ய முடிவெடுத்தது, 2006இல் தளர்த்தியது, முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது. அந்தப் பதினெட்டு வருடமும் மருந்தின் பெயர் தெரியாமலேயே அடித்தவர்கள் ஏராளம். டப்பாவில் எழுதியிருந்ததை வாசித்துச் சொல்ல ஆளில்லை.

இந்தத் தலைமுறைக்கு வாசிக்கத் தெரியும். எண்ணெய் கழுவும் பகுதியில் வேலை என்றால் முதல் நாளே கேட்கலாம்: என்ன கரைப்பான், காற்றில் எத்தனை பங்கு, யார் எப்போது அளக்கிறார்கள், அளந்த தாளை எங்கே ஒட்டியிருக்கிறார்கள்.