விலாசத்தை எங்கே எழுதி வைப்பது?

மழை பொய்த்து மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வற்றினால், பழைய மஸ்கெலியா டவுன் கொஞ்சம் தலைகாட்டும். கோயிலின் மிச்சம், பள்ளிவாசலின் மிச்சம், விகாரையின் மிச்சம் எல்லாம் பார்க்க ஆட்கள் வண்டி பிடித்து வருவாங்க. 1960களின் இறுதியில் அணை கட்டினபோது டவுனையே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பெயரும் ஆட்களும் கூடவே வந்தார்கள், மற்றதெல்லாம் தண்ணிக்குள்ளே. ஒன்றை இடம் மாற்றும்போது எது அதோடு போகணும், எது அந்தந்த இடத்துக்கே சொந்தம்? கணினிக்காரர்களும் இந்தக் கேள்வியோடு ஒரு இருபது வருசம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையில் கொழும்புக்கும் ஒரு பங்கு இருக்கு. அதனாலதான் கலைப்பீடத்துக்காரர்களான நாம் இதை எழுதுகிறோம்.

இணையத்தில் நாம் பார்க்கிற பல செயலிகள் தனியாக ஓடுவதில்லை. ஜாவாவில் எழுதியவை ‘சேர்வ்லட் கொன்டெய்னர்’ என்ற இன்னொரு மென்பொருளுக்குள் குடியிருக்கும். டொம்கட், ஜெட்டி, வெப்லொஜிக் எல்லாம் அப்படியான கொன்டெய்னர்கள். (இன்றைக்குக் கொன்டெய்னர் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருகிற டொக்கர் 2013இல்தான் வந்தது. இது அதற்கு முந்திய கதை.) சேர்வ்லட் 1997இல் வந்தபோது, செயலியை எப்படிப் பொதி கட்டுவது, அதன் அமைவை எந்தக் கோப்பில் எழுதுவது என்பதற்குப் பொது விதி இல்லை. ஒரு கொன்டெய்னரில் ஓடியதை இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் அமைவைத் திரும்ப எழுத வேண்டியதுதான்.

1999இல் வந்த சேர்வ்லட் 2.2 இதை மாற்றியது. முழுச் செயலியையும் ‘வார்’ என்ற ஒரே பொதியாகக் கட்டு, உள்ளே வெப்.எக்ஸ்எம்எல் என்று ஒரு அமைவுக் கோப்பு வை, எந்தக் கொன்டெய்னரும் அதை வாசிக்கும். அதே வருசம் சன் நிறுவனம் டொம்கட்டின் மூலநிரலை அப்பாச்சிக்குக் கொடுத்தது. பிரச்சினை முடிந்த மாதிரி இருந்தது. ஆனால் டேட்டாபேஸ் எங்கே இருக்கு, அதன் பாஸ்வேர்ட் என்ன என்பதெல்லாம் சேர்வருக்கு சேர்வர் மாறும். அதைப் பொதிக்குள் எழுதினால், இடம் மாறும் ஒவ்வொரு முறையும் பொதியைப் பிரித்துத் திருத்தணும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வெப்.எக்ஸ்எம்எல்லில் ‘எனக்கு ஒரு டேட்டாபேஸ் வேணும், அதை இந்தப் பெயரால் கூப்பிடுவேன்’ என்று மட்டும் எழுதணும். அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்கிற நிஜ விலாசத்தைக் கொன்டெய்னர் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்.

அழகான யோசனை. ஆனால் கொன்டெய்னர் தன் பக்கத்தை எப்படி எழுதணும் என்பதற்குப் பொது விதி போடவில்லை. டொம்கட்டுக்கு ஒரு கோப்பு, ஜெட்டிக்கு ஒன்று, வெப்லொஜிக்குக்கு இன்னொன்று. பாதி வேலைதான் நடந்தது என்பது நம்ம அபிப்பிராயம்.

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இது விளங்காத விசயமில்லை. லயத்து வீட்டுக்கு விலாசம் என்றால் பெரும்பாலும் தோட்டத்தின் பெயர்தான். கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் கைக்கு வரும். நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி முடிஞ்ச பிறகு கிடைச்ச கதை எந்த டிவிசனிலும் கேட்கலாம். வெள்ளைக்காரக் கம்பெனிகளிடமிருந்து 1975இல் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. நிர்வாகம் இத்தனை முறை மாறியும் வீட்டின் விலாசம் தோட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டுக் கிடக்கு. வீட்டோடு போகவேண்டிய ஒன்றை நிர்வாகத்தோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். கணினிக்காரர்கள் செய்தது இதற்கு மறுபக்கத் தவறு: சேர்வருக்குச் சொந்தமானதைச் செயலிக்குள் ஒட்டினார்கள்.

சரி, கொழும்புக்கு வருவோம். 2004 ஆகஸ்டில் அப்பாச்சி அக்சிஸ்2 என்ற திட்டம் அங்கே நடந்த ஒரு கூட்டத்தில் பிறந்தது. வெவ்வேறு மென்பொருட்கள் இணையம் வழியே பேசிக்கொள்ள உதவும் இயந்திரம் அது. 2003இல் தொடங்கிய லங்கா மென்பொருள் மன்றமும் அதன் பின்னால் நின்ற சஞ்சீவ வீரவரணவும் இல்லாமல் இந்தக் கூட்டம் கொழும்புக்கு வந்திராது என்று தாராளமாகச் சொல்லலாம். அக்சிஸ்2வை வார் பொதியாக டொம்கட்டில் போடலாம், தனியாகவும் ஓட்டலாம். அங்கேதான் ஒரு வேடிக்கை. கொன்டெய்னர் எந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கு என்பதை உள்ளே இருக்கிற செயலிக்கு சேர்வ்லட் விதிகள் முன்கூட்டியே சொல்வதில்லை. முதல் கோரிக்கை வந்த பிறகுதான் தெரியும். முதல் கடிதம் வரும்வரை தன் விலாசமே தெரியாத வீடு! ஆனால் அக்சிஸ்2 தன் சேவைகளின் விலாசத்தை வெளியே அறிவிக்கணும். அதனால் போர்ட் எண்ணை அக்சிஸ்2வின் சொந்த அமைவுக் கோப்பில் கையால் எழுதவேண்டி வந்தது. டொம்கட்டில் 8080ஐ மாற்றினால் இங்கேயும் மாற்றணும், மறந்தால் வெளியே போவது பொய் விலாசம்.

2005இல் வீரவரண மற்றவர்களோடு சேர்ந்து டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தை ஆரம்பித்தார். அதன் சேர்வர்களிலும் பல வருசம் எக்ஸ்எம்எல் கோப்புகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. 2019இல்தான், மாறக்கூடிய விசயங்களை ஒரே ‘டிப்ளொய்மன்ட்.டொம்ல்’ கோப்பில் எழுதினால் மற்றக் கோப்புகளை சேர்வரே உருவாக்கிக்கொள்ளும் முறை வந்தது. பிந்தி வந்தாலும் நல்ல முறை.

இதெல்லாம் யாருக்கு உதவியது என்று கேட்பீங்க. 2020 ஜனவரி 27ஆம் திகதி இலங்கையின் முதல் கொரோனா நோயாளி அடையாளம் காணப்பட்டார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கண்காணிக்க சுகாதார அமைச்சும் ஹிஸ்ப் ஸ்ரீலங்காவும் டிஎச்ஐஎஸ்2 மென்பொருளில் அதே மாதமே ஒரு படிவ அமைப்பை உருவாக்கின. டிஎச்ஐஎஸ்2 ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்க்கப்படும் ஜாவா செயலி, டொம்கட்டில் ஓடும் வார் பொதி. அதன் டேட்டாபேஸ் விலாசமும் பாஸ்வேர்டும் பொதிக்கு வெளியே, டிஎச்ஐஎஸ்.கொன்ப் என்ற தனிக் கோப்பில் இருக்கும். செயலியில் புதிய பதிப்பு வந்தால் வார் கோப்பை மட்டும் மாற்றலாம், அந்தக் கோப்பைத் தொடவே வேண்டாம். இலங்கையில் செய்த படிவ அமைப்பும் அப்படித்தான் மற்ற நாடுகளுக்குப் போனது. என்ன கேட்கணும், எந்த ஒழுங்கில் கேட்கணும் என்பது மட்டும் பொதியில் போகும். மாவட்டம், ஆஸ்பத்திரி, எல்லைச் சாவடி இதெல்லாம் அந்தந்த நாட்டுக்காரர்கள் தங்கள் பக்கத்தில் நிரப்பிக்கொள்வது.

மூலநிரல் திறந்தது, யாரும் இறக்கிப் பார்க்கலாம். லெப்டொப் இருக்கிறவங்க முதலில் அந்த டிஎச்ஐஎஸ்.கொன்ப் கோப்பைத் தேடுங்க. செயலி ஓடுவதற்குக் கட்டாயம் வேண்டியதை மட்டும் எழுதினால், பத்து வரிகூட வராது.