பற்றரி மாத்தினதுக்கும் ஒரு இலக்கம்

எங்கட வீடுகளில அலுமாரிக்குள்ள ஒரு பிளாஸ்ரிக் பை இருக்கும். கிளினிக் கொப்பி, ஈசிஜி, மருந்துத் துண்டுகள். பேஸ்மேக்கர் வைத்தவர் இருக்கிற வீடென்றால், அந்தக் கருவியின் அட்டையும் அதுக்குள்ளதான். அந்த அட்டை ஏன் முக்கியம் என்று தேடப்போய் எழுதியது இது.

1958 ஒக்டோபர் 8. சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் முதலாவது பேஸ்மேக்கரை வைத்தார்கள். சில மணித்தியாலங்களில் அது நின்றுபோனது. 2001இல் அவர் இறக்கும்வரை மொத்தம் 26 கருவிகள் தேவைப்பட்டன. பேஸ்மேக்கரின் வரலாறே மாற்றுவதன் வரலாறுதான். இன்றும் பற்றரி கருவிக்குள்ளேயே அடைபட்டிருப்பதால், அது இறங்கினால் முழுக் கருவியையும் மாற்றவேண்டும். இதயத்துக்குப் போகும் வயர்கள் நல்லாயிருந்தால் அப்படியே விடுவார்கள்.

காசு கட்டி வைத்தியம் பார்க்கும் அமெரிக்காவில் இந்த மாற்றலுக்குத் தனி இலக்கம் உண்டு. அங்குள்ள மருத்துவச் சங்கம் 1966இல் வெளியிடத் தொடங்கிய பட்டியல் அது. முதலில் பழையதை எடுத்ததுக்கு ஒரு இலக்கம், புதியதை வைத்ததுக்கு இன்னொன்று. 2012இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள்: ஒரு வயர் என்றால் 33227, இரண்டு என்றால் 33228, அதுக்கு மேலே 33229. இலக்கத்தைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று விளங்கும்.

இங்கே 1951 முதல் அரச ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. பில் இல்லாததால் பில் இலக்கமும் இல்லை. அது எங்களுக்குக் கிடைத்த பெரிய கொடை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இரண்டு இலக்கங்கள் இருக்குத்தான். உடலில் கருவி இருக்கிறது என்றால் இசட்95.0, அதைப் பார்க்க வந்தார் என்றால் இசட்45.0. எத்தனை வயர், எந்தக் கருவி, எப்ப வைத்தது? அதை அவை சொல்லாது. பைக்குள் இருக்கிற அட்டைதான் சொல்லும்.

1990களின் பொருளாதாரத் தடையில் ரோச் பற்றரிகூட யாழ்ப்பாணத்துக்கு வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அப்ப நாங்கள் பிறக்கவில்லை. ஆனால் கையில் எடுத்தது மட்டும்தான் மிஞ்சும் என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஆஸ்பத்திரிக்கு பில் வேண்டாம். ஆனால் மாற்றிய ஒவ்வொரு கருவிக்கும் விவரமான கணக்கு வேண்டும். எத்தனை பேருக்கு எப்ப பற்றரி இறங்கும் என்று தெரிந்தால்தானே முன்கூட்டியே கருவி எடுத்து வைக்கலாம்?

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை: இண்டைக்கே அம்மம்மாவின் அட்டையை ஃபோனில் படமெடுத்து வையுங்கோ.