மிளகு வியாபாரிகள் நடத்திய பள்ளிக்கூடம்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. ஆய்வேடு கழுத்தை நெரிக்குது. ஆனா படிச்ச ஒரு விஷயத்தை ஆய்வேட்டுக்குள்ள அடைக்க முடியாம, இங்கே கொட்டிடலாம்னு வந்தேன். மொக்கை போடறேன்னு நினைக்காதீங்க :-)

போன சனிக்கிழமை லிவர்பூல் ஸ்ட்ரீட்ல ரயில் ஏறி ஹாக்னி டவுன்ஸ் போனேன். ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல மாட்டின ஆப்பு மாதிரி ஒரு நிலம். அதுல மரச் சட்டங்களோட 'வி' வடிவக் கட்டடம். மாஸ்பர்ன் அகாடமி. இந்த ஒரே மனையில, ஒரு பள்ளியை யார் காசுல, யார் கையில நடத்தலாம்கிறதுக்கு நூத்தி முப்பது வருஷமா சோதனை நடந்திருக்கு.

முதல் சோதனை 1876. பள்ளியைத் தொடங்கினது லண்டன் குரோசர்ஸ் கம்பெனி. இப்போ குரோசர்னா மளிகைக்கடை. ஆனா இந்தச் சங்கத்தோட பூர்வீகம் 12ஆம் நூற்றாண்டு மிளகு வியாபாரிகள். அவங்க சின்னத்துல இன்னும் கிராம்பும் ஒட்டகமும் இருக்கு. மிளகுக்காசு பள்ளிக்கூடமா ஆச்சு! ஆனா இலவசம் இல்ல. சம்பளம் கட்ட முடிஞ்ச நடுத்தர வீட்டுப் பையன்களுக்குத்தான்.

1906ல பள்ளி லண்டன் கவுண்டி கவுன்சில் கைக்குப் போச்சு. 1944 கல்விச் சட்டம் வந்ததும் அரசாங்கத்தோட உயர்நிலைப் பள்ளிகள்ல கட்டணம் நின்னது. பதிலா பதினோரு வயசுல ஒரு தேர்வு. தேறினவனுக்கு கிராமர் பள்ளி. இங்கே படிச்சவர்கள்ல ஒருத்தர் ஹாக்னி தையற்காரர் மகன், பின்னால் நோபல் பரிசு வாங்கின நாடக ஆசிரியர் ஹெரால்ட் பின்டர்.

1969ல தேர்வு இல்லாம எல்லாரையும் சேர்க்கிற பொதுப் பள்ளியா மாறுச்சு. 1990ல உள் லண்டன் பகுதிப் பள்ளிகளைப் பார்த்துக்கிட்ட ஆணையத்தைக் கலைச்சதும், பொறுப்பு ஹாக்னி கவுன்சிலுக்கு வந்தது. அங்கே உட்கட்சிச் சண்டை, பணமுடை. மூடுவோம்னாங்க, அப்புறம் மாட்டோம்னாங்க. 1995ல மத்திய அரசு நேரடியா ஒரு குழுவை அனுப்புச்சு. அந்தக் குழு மூடச் சொல்ல, அந்த வருஷக் கடைசியிலயே மூடிட்டாங்க. மிச்சமிருந்த சுமார் 200 பையன்கள் வேற பள்ளிக்கு.

அப்புறம் 2004ல அதே இடத்துல அகாடமி. திட்டம் டோனி பிளேர் அரசாங்கத்தோடது. தனியார் ஒருத்தர் சுமார் 20 லட்சம் பவுண்டு கொடுத்துப் புரவலர் ஆகணும். மீதியை அரசு போடும். உள்ளூர் கவுன்சில் தலையீடு கிடையாது. பள்ளி அறக்கட்டளையும் மத்திய அரசும் போடற ஒப்பந்தம்தான் எல்லாம். இங்கே புரவலர் ஹாக்னியில வளர்ந்து கூரியர் தொழில்ல சம்பாதிச்ச சர் கிளைவ் பர்ன். தன் அப்பா பேரைப் பள்ளிக்கு வச்சார். தலைமையாசிரியர் மைக்கேல் வில்ஷா, பயங்கரக் கண்டிப்பு. முதல் செட் பிள்ளைகள் 2009ல ஜிசிஎஸ்இ எழுதினப்போ, ஆங்கிலம் கணிதம் சேர்த்து அஞ்சு பாடத்துல நல்ல தரம் எடுத்தவங்க 84 சதவீதம்! நாடே திரும்பிப் பார்த்துச்சு.

இதுல ஒரு கணக்கு எனக்கு உறுத்துது. கட்டடச் செலவு சுமார் 2.5 கோடி பவுண்டு. புரவலர் கொடுத்தது அதுல 8 சதவீதம். வருஷா வருஷம் வாத்தியார் சம்பளமும் வரிப்பணம்தான். ஆனா நிர்வாகக் குழுவுல பெரும்பான்மையை நியமிக்கிற உரிமை புரவலர் பக்கம். பிற்பாடு அந்த 20 லட்சம் நிபந்தனையையே எடுத்துட்டாங்க. 2010 சட்டத்துக்கு அப்புறம் அகாடமிகள் பெருகி, இன்னிக்கு இங்கிலாந்து உயர்நிலைப் பள்ளிகள்ல பெரும்பாலானவை அந்த வகைதான்.

மிளகு வியாபாரின்னு படிச்சதும் எனக்கு எங்க தாத்தா ஞாபகம்தான் வந்தது. விருதுநகர்ல மல்லி, வத்தல் மண்டி வச்சிருந்தார். அவர் பில்லுல கடைசி வரி 'மகமை'. சின்ன வயசுல "அது என்ன தாத்தா?"ன்னு கேட்டா, "ஸ்கூலுக்குடா"ம்பார். யாவாரத்துல ஒரு சின்னப் பங்கை ஊர்ப் பொதுவுக்குன்னு எடுத்து வைக்கிறது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலா 1880கள்ல அந்தக் காசுல எழுந்தது. வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் வாங்கினாங்க.

ஏன் அப்படி? கோயில் வாசலே திறக்காத காலம். கமுதி கோயிலுக்குள்ள நாடார்கள் போகலாமாங்கிற வழக்கு கடைசியா வந்து நின்னது இதே லண்டன்ல, பிரிவி கவுன்சில்ல. 1908ல தோத்துப் போச்சு. தெய்வத்துக்கிட்டயே போக முடியாதவங்க பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாங்க. அந்த வித்தியாசாலாவுல கொஞ்ச காலம் படிச்சு நின்ன ஒரு பையன்தான் காமராஜர். முதலமைச்சர் ஆனதும் நெ.து.சுந்தரவடிவேலுவோட சேர்ந்து, 1950களின் கடைசியில ஊர் ஊரா பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். ஜனங்க கட்டடம், பெஞ்சு, தட்டுன்னு கொடுத்தாங்க. ஆனா வாத்தியார் சம்பளத்தை அவங்க தலையில கட்டல. அது சர்க்கார் கடமை.

நான் படிச்சதும் அரசு உதவி பெறும் பள்ளிதான். எங்க வகுப்புக்கு ஃபீஸ் இல்ல. பக்கத்துக் கட்டடத்துல அதே கமிட்டி நடத்தின சுயநிதி ஆங்கில வழிப் பிரிவுக்கு ஃபீஸ். லேப் சாவி அந்தப் பக்கம் இருக்கும். எங்களுக்கு எப்பவாவதுதான் திறக்கும். அப்பா போய்க் கேட்டதுக்கு, "கமிட்டி முடிவு சார்"னு ஒத்தை வரி பதில். பிடி அரிசி கொடுத்த ஊர்ல, யாரைக் கேட்கணும்னே தெரியாம அவர் திரும்பி வந்தார்.

அதனால எனக்குத் தோணுறது இதுதான். தனியாரா அரசாங்கமாங்கிறது பாதிக் கேள்வி. ஹாக்னி டவுன்ஸைக் கைவிட்டது ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சில். அந்த மனையைத் தூக்கி நிறுத்தினது ஒரு கூரியர்காரர் பேர்ல வந்த வரிப்பணம். காசு எங்கிருந்து வந்தாலும், லேப் ஏன் பூட்டியிருக்குன்னு ஒரு அப்பா கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கணும். அந்த நாற்காலியை யார் கட்டிக் கொடுத்தாங்கன்னு பார்த்துத்தான் ஒரு பள்ளியை நான் இப்போ எடை போடறேன்.

மாஸ்பர்ன் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்னேன். சனிக்கிழமைங்கிறதால பூட்டியிருந்தது. அப்பாவுக்கு போன் போட்டு இதெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "சரிப்பா, நம்ம ஸ்கூல் லேப்பை இப்பவாவது திறந்தாங்களா?"ன்னார். என்கிட்ட பதில் இல்ல.

நீங்க படிச்ச பள்ளிக்கு யார் காசு போட்டாங்க, யார் சாவி வச்சிருந்தாங்க? ஞாபகம் இருந்தா எழுதுங்க. நான் ஆய்வேட்டுக்குத் திரும்பறேன்.