வாயிலில் அறைந்த தலைகள்

மதுரையின் கோட்டை வாயிலில் ஒரு காலத்தில் இலங்கைத் தளபதிகளின் தலைகள் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தன என்பதை அறிவீர்களா? பாண்டியர் வீட்டுச் சண்டைக்குள் இலங்கையும் சோழநாடும் எப்படி வந்தன என்பதைப் பார்ப்போம்.

1170ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை. அரியணைக்காகக் குலசேகர பாண்டியன் மதுரையை முற்றுகையிட்டான். உள்ளே இருந்த பராக்கிரம பாண்டியன், இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி வேண்டினான். உதவி வருமுன் மதுரை வீழ்ந்தது, அவனும் கொல்லப்பட்டான். கேட்டவனே இல்லை, ஆயினும் வந்த படை திரும்பவில்லை. தளபதி இலங்காபுரன் இராமேசுவரத்தைப் பிடித்து, மதுரை வரை முன்னேறி, இறந்தவனின் இளைய மகன் வீரபாண்டியனை அரியணையில் அமர்த்தினான்.

குலசேகரன் சோழமன்னன் இரண்டாம் இராசாதிராசனிடம் ஓடினான். தொண்டி, பாசிப் பகுதிகளில் இலங்கைப் படை பெற்ற வெற்றிகள் சோழநாட்டை ஏற்கெனவே கலங்கடித்திருந்தன. மதுரைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்தில் உள்ள கல்வெட்டைப் பாருங்கள்: இலங்கைப் படையால் தீங்கு வருமென அஞ்சிய எதிரிலிசோழச் சம்புவராயன் வேண்ட, உமாபதிதேவர் 28 நாள் பூசை நடத்தினார்! அச்சம் அவ்வளவு தூரம் பரவியிருந்தது. ஆக, சோழனுக்குக் குலசேகரன் மீது இருந்த பரிவைவிட, இலங்கை தன் எல்லைக்கு வந்துவிட்டதே என்ற கவலைதான் பெரிது என்பது என் கருத்து. (1941 டிசம்பரில் பிரிட்டன் பின்லாந்தின் மீது போர் அறிவித்ததும் இத்தகைய கணக்கில்தான். பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து போரிட்டது. பிரிட்டனின் கூட்டாளியான சோவியத் ஒன்றியம் வற்புறுத்தியது.)

சோழப்படை வென்றது. தலைகள் வாயிலில் ஏறின. குலசேகரன் மதுரை புகுந்தான். பராக்கிரமபாகு ஊர்காவற்றுறை, மாதோட்டம் முதலிய துறைகளில் கப்பல்களைத் திரட்டவே, சோழன் அவனுடைய மருமகன் சீவல்லவனை முன்னிறுத்தி இலங்கைக்கே படை அனுப்பினான்.

ஒரு செய்தி: இலங்கையின் சூளவம்சம் தன் படையின் வெற்றியோடு கதையை முடித்துக்கொள்கிறது, தோல்வியைச் சொல்பவை சோழர் கல்வெட்டுகளே. ஒரே கருவி காட்டும் அளவை நம்பாதீர்கள் என்று ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் நான் சொல்வது இங்கும் பொருந்தும்.

பிறகு பராக்கிரமபாகு வழியை மாற்றினான். குலசேகரனையே பாண்டியனாக ஏற்று உறவு கொண்டாடினான். குலசேகரனும் இசைந்தான். சோழருக்கு வேண்டியவர்களை வெள்ளாற்றுக்கு வடக்கே விரட்டினான். வாயிலில் இருந்த தலைகளை அகற்றவும் கட்டளையிட்டான். இதைவிடத் தெளிவான போர் அறிவிப்பு வேண்டுமா? சோழன் அவனைத் துரத்திவிட்டு, எவனை எதிர்த்துப் போருக்கு வந்தானோ அந்த வீரபாண்டியனையே மதுரையில் முடிசூட்டினான்.

சில ஆண்டுகளில் வீரபாண்டியனும் இலங்கையோடு சேர்ந்துகொண்டான். மூன்றாம் குலோத்துங்கன் மீண்டும் மதுரைக்குப் படை அனுப்ப வேண்டியதாயிற்று.